வெட்டி ஒழித்த வித்தகர்

ஊதியமின்றி வாங்கும் வேலைக்கு 'வெட்டி' என்று பெயர். சோழர் காலக் கல்வெட்டுகளிலும் அச்சொல் உண்டு. இன்றோ பயனற்ற வேலையையே 'வெட்டி வேலை' என்கிறோம். கூலியில்லா உழைப்பால் நாடு வளராது என்பதைச் சொல்லே உணர்த்துகின்றது. அவ்வுண்மையைச் சட்டமாக்கப் பாடுபட்ட பெருமகனார் அண்ணல் அம்பேத்கர்.

அண்ணல் 1891 ஏப்ரல் 14 அன்று மௌ நகரில் ராம்ஜி சுபேதாரின் மகனாகத் தோன்றினார். கொலம்பியாவிலும் லண்டனிலும் பொருளாதாரம் பயின்று டாக்டர் பட்டங்கள் பெற்றார். தேவைக்கு மிஞ்சிய கைகள் நிலத்தில் வேலையின்றித் தேங்குவதே வறுமைக்குக் காரணம் என்று 1918ஆம் ஆண்டுக் கட்டுரையில் விளக்கினார்.

அக்காலத்தில் பம்பாய் மாகாணத்து மகார் மக்கள் 'வதன்' முறையில் கட்டுண்டு கிடந்தனர். சிறு மானிய நிலமும் ஊரார் அளக்கும் தானியமுமே அவர்களுக்குக் கிடைத்தன. அதற்காக அரசு அலுவலர் ஏவியதை இரவு பகல் பாராது செய்தல் வேண்டும். உரியவர் இல்லையெனில் வீட்டாரில் ஒருவர் செல்ல வேண்டும். 1928இல் அண்ணல் சட்டமன்றத்தில் ஒரு மசோதா கொணர்ந்தார். மகார் மக்கள் நிலத்திற்கு முழு வரி செலுத்தி விடுதலை பெறட்டும். அரசு வேண்டிய ஆட்களைச் சம்பளத்திற்கு அமர்த்தட்டும் என்பது அதன் சாரம்.

இதன் நுட்பத்தை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சம்பளம் தருபவன் ஆளை எண்ணி அமர்த்துவான். இலவசமாகப் பெறுபவனோ ஒருவர் வேலைக்குப் பலரைக் காக்க வைப்பான். காத்துக் கிடப்பவருக்கு வேறு தொழில் கற்க நேரமில்லை; திருந்தச் செய்யும் ஊக்கமும் இல்லை. மலிவெனத் தோன்றும் கட்டாய உழைப்பே நாட்டிற்குப் பெரும் நட்டம்.

அம்மசோதா நிறைவேறவில்லை. அண்ணல் சோர்ந்தாரில்லை. 1942இல் வைசிராய் அவையின் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அவர் பொறுப்பிலிருந்தபோது, 1946இல், தொழிற்சாலைகளின் வார வேலை நேரம் 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைந்தது. அவர் தலைமையில் வரையப்பட்ட அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்தது. 1956 டிசம்பர் 6 அன்று அவர் மறைந்தார். ஈராண்டுக்குப் பின், 1958இல், வதன் ஒழிப்புச் சட்டம் பிறந்தது.

ஏட்டில் எழுதிய உரிமை மலையேறக் காலம் பிடித்தது. நம் கல்வராயன் மலையில் மூன்று ஜாகிர்களின் ஆதிக்கம் 1976 வரை நீடித்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது.

இளைஞர்களே! செங்கற்சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் முன்பணம் வாங்கி, அதை அடைக்கப் பிள்ளையின் படிப்பை நிறுத்துவது பழைய விலங்கைப் புதிதாகப் பூட்டிக்கொள்வதே ஆகும். உழைப்பின் விலையைக் கணக்கிட்டுக் கேட்பதற்குக் கல்வி வேண்டும். அக்கல்வியைத் தேடிக்கொள்வதே அண்ணலுக்கு நாம் செய்யும் கைம்மாறு.