காசு வாங்கி ஆடிய டாலி மெசெஞ்சர்

விளையாட்டு வீரர் ஒருவரின் வாழ்க்கையை எழுதச் சொன்னதும் எல்லோரும் கிரிக்கெட் பக்கம்தான் ஓடினார்கள். நான் எடுத்துக்கொண்டவர் பெயர் நம் பள்ளியில் பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கும் போன மாதம் வரை தெரியாது. பி.டி. டீச்சர் சொல்லித்தான் தேடிப் படித்தேன்.

அவர் பெயர் டாலி மெசெஞ்சர். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்தில் 1883 ஏப்ரல் 12 அன்று பிறந்தார். உண்மையான பெயர் ஹெர்பர்ட் ஹென்றி. குழந்தையாக இருந்தபோது தொப்பை பெரிதாக இருந்ததாம். அந்த ஊரில் டாலி என்று ஓர் அரசியல்வாதிக்கும் அப்படியே தொப்பை இருந்ததால் வீட்டில் விளையாட்டாக அந்தப் பெயரை வைத்தார்கள். அதுவே கடைசி வரை ஒட்டிக்கொண்டது. அப்பா படகு கட்டுபவர், துடுப்புப் போட்டியிலும் பேர் வாங்கியவர்.

மெசெஞ்சர் ஆடியது ரக்பி. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி, எதிரணிக் கோட்டுக்கு அப்பால் தரையில் வைக்க வேண்டும். கூட்டாளிக்குக் கையால் எறியலாம், ஆனால் பின்பக்கமாகத்தான் எறிய வேண்டும். எதிரணியினர் நம்மைக் கபடியில் பிடிப்பது போலவே கட்டிப் பிடித்துக் கீழே தள்ளுவார்கள். நானும் என் தோழிகளும் பழைய துணியைச் சுருட்டி முட்டை மாதிரிப் பந்து செய்து ஆடிப் பார்த்தோம். முன்னால் எறியாமல் இருக்கவே முடியலை! ஐந்து நிமிடத்தில் எல்லோரும் மண்ணில் கிடந்தோம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் ரக்பி ஆடுகிறவர்களுக்கு ஒரு காசு கூடக் கொடுக்கக் கூடாது என்று சட்டம். காசு வாங்கினால் அது கேவலம் என்பார்கள். பணக்காரர்களுக்கு அது சரிதான். சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்கிறவன் ஆட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போய்விடுமே! இதற்காகத்தான் 1895-லேயே இங்கிலாந்தின் வடக்குப் பகுதி மன்றங்கள் 22 சேர்ந்து தனியாகப் பிரிந்து போயின. போன கூலியையாவது கொடுங்கள் என்பதுதான் அவர்கள் கேட்டது. பிரிந்தவர்கள் பிறகு ஆட்ட விதிகளையும் மாற்றி, ஓர் அணிக்கு 15 பேர் என்பதை 13 ஆக்கினார்கள். அதுதான் ரக்பி லீக்.

சிட்னியிலும் அதே கதைதான். 1907 ஜூலையில் மெசெஞ்சர் தன் மாநிலமான நியூ சவுத் வேல்ஸ் அணிக்காக நியூசிலாந்தோடு ஆடிய ஒரு போட்டியைப் பார்க்க சுமார் 52,000 பேர் வந்தார்கள். டிக்கெட் காசு மொத்தமும் ரக்பி சங்கத்துக்கே போனது. அலெக்ஸ் பர்டன் என்ற இன்னொரு வீரர் ஆட்டத்தில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாமல் கிடந்தார். அவருக்குச் சங்கம் எதுவும் கொடுக்கவில்லை.

இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். போன வருஷம் கபடியில் என் மணிக்கட்டு முறிந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு வலி மட்டும்தான். என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு அலைந்ததில் அம்மாவுக்கு ஒன்பது நாள் கூலி போனது. அம்மா அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. நான்தான் எண்ணி வைத்திருக்கிறேன்.

பர்டன் மாதிரி ஆட்களுக்காகச் சிட்னியில் சிலர் ரகசியமாகக் கூடிப் பேசினார்கள். அதில் ஒருவர் விக்டர் ட்ரம்பர். ஆமாம், கிரிக்கெட்டில் பெயர் பெற்ற அதே ட்ரம்பர்தான்! அவருடைய விளையாட்டுப் பொருள் கடையில்தான் கூட்டம் நடந்தது. ஜேம்ஸ் கில்டினன் என்பவர் முன்னால் நின்று எல்லா வேலையும் செய்தார். 1907 ஆகஸ்டில் புதுச் சங்கம் பிறந்தது. ஆனால் பேர் பெற்ற ஒரு வீரர் வராமல் கூட்டம் எப்படி வரும்? அதனால் மெசெஞ்சரைக் கேட்டார்கள். அவர் முடிவு சொல்வதற்கு முன்னால் அவருடைய அம்மாவிடம் போய்ச் சம்மதம் வாங்கினார்கள் என்று சொல்வார்கள். அவருக்கு அப்போது 24 வயசு!

அவர் சேர்ந்ததும் பழைய சங்கம் ஆயுள் தடை போட்டது. அவருடைய பெயரையே பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். நேற்று வரை கை தட்டியவர்களில் பலர் துரோகி என்றார்கள். அவர் பேராசைப்பட்டாரா என்று நானும் என் தோழியும் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கச் சண்டை போட்டோம். காசு வாங்கினால் அது வேலை, விளையாட்டு இல்லை என்பது அவள் கட்சி. 52,000 பேர் கொடுத்த காசு வேறு யாருக்குப் போக வேண்டும் என்பது என் கட்சி. பெல் அடித்துவிட்டது.

அந்த நேரம் நியூசிலாந்திலிருந்து ஓர் அணி இங்கிலாந்துக்குப் போகும் வழியில் சிட்னிக்கு வந்தது. அதைத் திரட்டியவர் ஆல்பர்ட் பாஸ்கர்வில் என்ற தபால் துறை எழுத்தர், மெசெஞ்சர் வயசுதான். காசுக்கு ஆடுகிறார்கள் என்று பத்திரிகைகள் அந்த அணிக்குத் தங்க அணி என்று கிண்டல் பெயர் வைத்தன. சிட்னியில் ஆடிய முதல் ஆட்டத்துக்கே சுமார் 20,000 பேர் வந்தார்கள். வேடிக்கை என்னவென்றால் புது விதிப் புத்தகம் கையில் இல்லாததால் பழைய விதிப்படியேதான் ஆடினார்கள். மெசெஞ்சரின் ஆட்டத்தைப் பார்த்து அவரையும் கூடவே கூட்டிப் போனார்கள். அந்தப் பயணத்தில் 146 புள்ளி எடுத்து அவர்தான் முதல். ஆனால் திரும்பி வரும்போது 1908 மே மாதம் பிரிஸ்பேனில் பாஸ்கர்வில் நிமோனியாவில் இறந்துபோனார். வயசு 25. அவருடைய அம்மாவுக்கு உதவி செய்ய வீரர்கள் வெலிங்டனில் ஒரு ஆட்டம் ஆடிக் காசு சேர்த்தார்கள்.

அதே 1908-ல் சிட்னியில் முதல் லீக் போட்டி ஒன்பது அணிகளோடு தொடங்கியது. மெசெஞ்சரின் அணி ஈஸ்டர்ன் சபர்ப்ஸ். இறுதி ஆட்டத்தில் சவுத் சிட்னி அணி 14-12 என்று அவர்களை வென்றது. வெறும் இரண்டு புள்ளி! அந்த ஆட்டத்தில் மெசெஞ்சர் இல்லை. ஆஸ்திரேலிய அணியோடு கப்பலில் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். அந்தப் பயணத்தில் ரொம்ப நஷ்டம், கில்டினன் திவாலாகிப் போனார். லீக் மட்டும் நிலைத்தது.

1911 தான் மெசெஞ்சரின் வருஷம். குயின்ஸ்லாந்து மாநிலத்துக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 32 புள்ளி. கோட்டுக்கு அப்பால் பந்து வைத்தது 4 தடவை, தலா 3 புள்ளி. உதைத்துக் கோல் 10, தலா 2 புள்ளி. நீங்களே கூட்டிப் பாருங்கள். அந்தப் பருவம் முழுக்கச் சேர்த்து 270. அதை 1935 வரை யாராலும் தாண்ட முடியவில்லை. 1911, 1912, 1913 மூன்று வருஷமும் அவர் அணிக்கே கோப்பை. தொடர்ந்து மூன்று தடவை வென்றதால் கேடயம் அணிக்கே சொந்தமானது. அணி அதைத் தன் தலைவர் மெசெஞ்சரிடம் கொடுத்துவிட்டது.

1913-ல் ஆட்டத்தை விட்டார். பிறகு ஹோட்டல் நடத்தினார், வாழைத் தோட்டம் போட்டார், எதிலும் பெரிதாகச் சம்பாதிக்கவில்லை. பேராசைக்காரர் என்று பேசியவர்கள் இதைப் பார்த்தார்களா தெரியவில்லை. 1959 நவம்பர் 24 அன்று கன்னடா என்ற ஊரில் இறந்தார். நம் பக்கத்து மாநில மொழிப் பெயர் மாதிரி இருக்கிறது, ஆனால் அது ஆஸ்திரேலிய ஊர்தான்.

பழைய சங்கம் நீக்கிய அவர் பெயரை 2007-ல்தான் பதிவேட்டில் திரும்பச் சேர்த்தார்கள், நூறு வருஷம் கழித்து. லீக்கில் அந்த ஆண்டின் சிறந்த வீரருக்கு 1980 முதல் டாலி எம் என்று அவர் பெயரில் பதக்கம் கொடுக்கிறார்கள். 2018-லிருந்து பெண்களுக்கும் உண்டு. இதைக் கடைசியில்தான் படித்தேன், படித்ததும் முதலில் ஓடிப்போய் என் தோழியிடம்தான் சொன்னேன். அவள் இன்னும் தன் கட்சியை விடவில்லை.