பளுதூக்கும் பெருவீரர் ஜான் டேவிஸ்

ஊர்ப் பொதுவிடத்தில் இளவட்டக்கல் கிடந்த காலத்தை நம் பெரியவர்கள் அறிவார்கள். வழுவழுப்பான அந்த உருண்டைக் கல்லில் கைக்குப் பிடிமானம் இராது. தூக்கியவன் வீரன் எனப் பெயர் பெறுவான். தூக்கமாட்டாதவன் மறுநாளும் வந்து முயல்வான். இத்தகைய வழக்கங்கள் உலக நாடுகள் பலவற்றிலும் இருந்தன. அவற்றுக்கு அளவும் விதியும் அமைந்தபோது பளுதூக்கும் போட்டி ஒரு விளையாட்டுக் கலையாக வளர்ந்தது. அக்கலையில் 1938 முதல் 1953 வரை, பதினைந்தாண்டுக் காலம் எவராலும் வெல்லப்படாமல் நின்றவர் அமெரிக்க வீரர் ஜான் ஹென்றி டேவிஸ்.

தமிழ்த்துறை மலரில் பளுதூக்கும் வீரர் ஒருவரின் வரலாறு எதற்கு என மாணவர் சிலர் எண்ணக்கூடும். புறத்திணை பயிலும் நமக்கு வீரம் அயலான பொருளன்று. வென்றவனின் பெருமையைப் போலவே வீழ்ந்தவனின் பெருமையையும் போற்றுவது புறத்திணை மரபு. டேவிஸின் வாழ்வில் இவ்விரண்டும் உண்டு.

இளமை

1921ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தில் கறுப்பினக் குடும்பம் ஒன்றில் பிறந்தார் டேவிஸ். தாயின் அரவணைப்பில் புரூக்ளின் பகுதியில் வளர்ந்தார். அமெரிக்க நாடு பொருளாதாரப் பெருவீழ்ச்சியில் துவண்டிருந்த முப்பதுகளில் அவரது சிறுவயது கழிந்தது. வசதியான பயிற்சிக்கூடம் எதுவும் அவருக்கு வாய்க்கவில்லை. விளையாட்டுத் திடலில் கிடந்த கனத்த சிமெண்டுக் கட்டி ஒன்றை அவர் தூக்கிக் காட்டிய செய்தி, அப்பகுதியில் பளுதூக்கும் பயிற்சி பெற்றுவந்த ஒருவரின் காதுக்கு எட்டியது. அவர் வழியாகவே டேவிஸுக்கு முறையான பயிற்சி கிட்டியது. திறமை எங்கே கிடக்கிறது என்று தேடிப் பார்க்கும் கண் ஒன்று வேண்டும் என்பதற்கு இது சான்று.

பதினேழு வயதில் உலக வீரர்

பயிற்சி தொடங்கிச் சிறிது காலமே ஆகியிருந்த நிலையில், 1938இல் வியன்னா நகரில் நடைபெற்ற உலகப் போட்டிக்கு டேவிஸ் தேர்வு பெற்றார். அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில்தான் இட்லரின் ஜெர்மனி ஆஸ்திரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டிருந்தது. இனவெறியையே அரசின் கொள்கையாகக் கொண்டோர் ஆண்ட அந்நகரில், பதினேழே வயதான கறுப்பின இளைஞர் 82.5 கிலோ எடைப் பிரிவில் உலக வீரர் பட்டத்தை வென்றார். மேடையிலிருந்த இரும்புக்கு இனமும் நிறமும் தெரியவில்லை.

அக்காலப் போட்டியின் முறையை இங்கே சுருக்கமாகச் சொல்லவேண்டும். வீரர் மூன்று வகையாகப் பளுவைத் தூக்குவார். தோள்வரை கொண்டுவந்த பளுவை முழங்கால் மடக்காமல் கைவலிமையால் மேலே உயர்த்துவது ‘பிரஸ்’. தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டுசெல்வது ‘ஸ்னாட்ச்’. முதலில் தோளுக்கும் பின்னர் தலைக்கு மேலும் இரு கட்டங்களாக உயர்த்துவது ‘கிளீன் அண்ட் ஜெர்க்’. மூன்றின் கூட்டுத்தொகையே வெற்றியைத் தீர்மானிக்கும். 1972க்குப் பின்னர் ‘பிரஸ்’ நீக்கப்பட்டு ஏனைய இரண்டுமே நிலைத்துள்ளன.

போர் பறித்த ஆண்டுகள்

வியன்னா வெற்றிக்கு மறு ஆண்டே இரண்டாம் உலகப்போர் மூண்டது. 1940, 1944 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெறவில்லை. உலகப் போட்டிகளும் 1946 வரை நின்றுபோயின. பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வரை, ஒரு வீரனின் உடல் செழித்து வளரும் பருவம் முழுவதும் பன்னாட்டு மேடையின்றியே டேவிஸுக்குக் கழிந்தது. அந்நாளில் அவர் தம் நாட்டுப் படையிலும் பணியாற்றினார். வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் தனித்தனிப் பிரிவுகளாக வைத்திருந்த படை அது.

அவர் சோர்ந்துவிடவில்லை. இடையில் உடல் எடை கூடி, பெருஎடைப் பிரிவுக்கு மாறியிருந்தார். 1946இல் பாரிஸ் நகரில் உலகப் போட்டி மீண்டும் தொடங்கியபோது, சோவியத் நாட்டின் புகழ்பெற்ற வீரர் யாக்கோவ் குட்சென்கோவை இரண்டாம் இடத்துக்குத் தள்ளி முதலிடம் பெற்றார். 1947இல் பிலடெல்பியாவிலும் அவரே வென்றார்.

இலண்டன் முதல் ஹெல்சிங்கி வரை

1948 ஜூலை 26ஆம் நாள், படையில் நிலவிய இனப்பாகுபாட்டை ஒழிக்கும் ஆணையில் குடியரசுத் தலைவர் ட்ரூமன் கையெழுத்திட்டார். அதற்கடுத்த திங்களில், இலண்டன் ஒலிம்பிக் மேடையில் அப்படையின் முன்னாள் வீரரான டேவிஸ் தம் நாட்டுக்குத் தங்கம் வென்று தந்தார். ‘பிரஸ்’ முறையில் 137.5 கிலோ, ‘ஸ்னாட்ச்’ முறையில் 137.5 கிலோ, ‘கிளீன் அண்ட் ஜெர்க்’ முறையில் 177.5 கிலோ, ஆகக் கூடுதல் 452.5 கிலோ. இரண்டாம் இடம் பெற்ற அமெரிக்க வீரர் நார்பர்ட் ஷெமான்ஸ்கி தூக்கியது 425 கிலோ.

1949இல் பாரிஸில் நடந்த நிகழ்ச்சி ஒன்றை இவ்விளையாட்டின் அன்பர்கள் இன்றும் எடுத்துரைப்பர். ‘அப்போலோன்’ என்னும் பட்டப்பெயரால் அறியப்பட்ட லூயி யூனி என்ற பிரெஞ்சு வலியரின் இரயில் சக்கரங்கள் அங்கே இருந்தன. இரு சக்கரங்களையும் இணைத்த அச்சோடு அதன் எடை ஏறத்தாழ 166 கிலோ. எடையினும் பெரிய இடர் அச்சின் பருமன். ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர். போட்டிக் கம்பியில் தட்டுகள் சுழலும். இச்சக்கரங்களோ அச்சோடு இறுகியிருந்தன. 1930இல் பிரெஞ்சு வீரர் சார்ல் ரிகூலோ ஒருவர்தாம் அதைத் தலைக்கு மேல் உயர்த்தியிருந்தார். டேவிஸின் உள்ளங்கைகள் அவருடைய உடலுக்கு ஏற்ற அளவு பெரியவை அல்ல. பலமுறை முயன்றும் பிடி நழுவியது. இறுதியில் ஒரு கையை மேற்புறமாகவும் மறு கையைக் கீழ்ப்புறமாகவும் வைத்துப் பிடித்து, அச்சு மேலே எழும் கணத்தில் ஒரு கையை விடுவித்துத் திருப்பி, விழுமுன் தாங்கித் தலைக்கு மேல் உயர்த்தினார். இயற்கை தந்த குறையை அறிவினால் ஈடுசெய்த அந்தக் கணமே அவரது வெற்றிகளுள் சிறந்தது என்பது நம் கருத்து.

1949, 1950, 1951 ஆகிய மூன்றாண்டுகளின் உலகப் பட்டங்களும் அவருடையனவே. 1951இல் பியூனஸ் அயர்ஸ் நகரில் நடந்த அனைத்து அமெரிக்க விளையாட்டுகளிலும் தங்கம் பெற்றார். அதே ஆண்டில் 402 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 182 கிலோ எடையைக் ‘கிளீன் அண்ட் ஜெர்க்’ முறையில் தூக்கி, 400 பவுண்டைக் கடந்த முதல் தொழில்முறை சாராத வீரர் என்ற சிறப்பை எய்தினார்.

1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 150, 145, 165 என 460 கிலோ தூக்கி மீண்டும் தங்கம் வென்றார். இலண்டன் கணக்கோடு இதை ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். இறுதி முறையில் 12.5 கிலோ குறைந்துள்ளது. முதலிரண்டிலும் 20 கிலோ கூடியுள்ளது. முப்பத்தொரு வயதில் ஒன்றில் ஏற்பட்ட இழப்பை வேறிரண்டில் மீட்டிருக்கிறார். இரண்டாம் இடம் பெற்ற ஜேம்ஸ் பிராட்போர்டும் அமெரிக்கக் கறுப்பின வீரரே. பள்ளிகளில் இனப்பிரிவினை சட்டப்படி நீடித்த நாட்டின் கொடியை, அப்பிரிவினையால் தாழ்த்தப்பட்ட இனத்தவர் இருவர் உயரப் பறக்கவிட்டனர்.

ஸ்டாக்ஹோம்

1953இல் ஸ்டாக்ஹோம் நகரில் அந்த நீண்ட வெற்றித் தொடர் முடிவுற்றது. கனடா நாட்டின் டக் ஹெப்பர்ன் 467.5 கிலோ தூக்கி வென்றார். தொடையில் காயத்தோடு களமிறங்கிய டேவிஸ் 457.5 கிலோவுடன் இரண்டாமிடம் பெற்றார். ஹெப்பர்னும் எளியவர் அல்லர். பிறவியிலேயே காலில் ஊனம் உற்றவர். வறுமையில் வளர்ந்து சிமெண்டுக் கட்டி தூக்கியவரை, ஊனத்தோடு பிறந்து இரும்பு தூக்கியவர் வென்றார். இருவரில் எவருக்காக வருந்துவது என்று அறியாமல் நாம் திகைக்கிறோம்.

தோல்விக்குப் பின்னும் டேவிஸ் பயிற்சியை விடவில்லை. 1956இல் மூன்றாம் முறையாக ஒலிம்பிக் செல்ல முயன்றபோது ஏற்பட்ட காலின் காயம் அவரது விளையாட்டு வாழ்வை முடித்துவைத்தது.

நிறைவு

ஆறு உலகப் பட்டங்களையும் இரண்டு ஒலிம்பிக் தங்கங்களையும் வென்ற அவ்வீரர், நியூயார்க் நகரச் சிறைத்துறையில் காவல் அலுவலராகப் பணிபுரிந்து வாழ்ந்தார். அவரது விளையாட்டு பொருள் ஈட்டித் தருவதாக அமையவில்லை. ஐரோப்பிய நகரங்களில் பெற்ற பாராட்டில் ஒரு பங்கேனும் அவருக்குச் சொந்த நாட்டில் கிடைத்ததாகச் சொல்ல இயலாது. இனிய குரல் வாய்ந்த அவர் இசையில் பேரார்வம் கொண்டிருந்தார். 1984 ஜூலை 13ஆம் நாள், தமது அறுபத்து மூன்றாம் வயதில், நியூ மெக்சிகோ மாநிலத்தின் அல்புகெர்க் நகரில் புற்றுநோயால் மறைந்தார்.

அன்பு மாணவர்களே! நாம் மதிப்பெண் பட்டியலைப் பார்க்கும்போது முதல் பெயரோடு நின்றுவிடுகிறோம். ஆசிரியராகிய நமக்கும் அக்குறை உண்டு. பதினைந்தாண்டுகள் முதல்வராய் இருந்து, பதினாறாம் ஆண்டில் இரண்டாமவராய்க் காயத்தோடு மேடையில் நின்ற டேவிஸை எண்ணிப் பாருங்கள். அன்று அவர் தூக்கிய எடை, இலண்டனில் தங்கம் பெற்றுத் தந்த எடையினும் 5 கிலோ மிகுதி. இடம் தாழ்ந்தது; உழைப்பு தாழவில்லை. தேர்வில் பின்தங்கி நம்மிடம் வந்து நிற்கும் மாணவரிடம் இக்கணக்கைச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இவ்வரலாற்றை இங்கே எழுதினோம்.