அடுப்பும் விளக்கும்

சென்ற ஆண்டு ஹோலி நாளன்று எங்கள் விடுதிச் சமையற்கூடத்திற்கு விடுமுறை. பசியோடு நடந்து தில்லி பங்களா சாகிப் குருத்துவாராவை அடைந்தேன். வரிசையில் அமர்ந்தேன். ஒரு பக்கம் ரிக்‌ஷாத் தொழிலாளி. மறுபக்கம் வசதி மிக்க மூதாட்டி. எவரும் எங்கள் ஊரையோ சமயத்தையோ கேட்கவில்லை. ரொட்டியும் பருப்பும் இட்டார்கள். உண்ணும்போது என் நினைவுக்கு வந்தது வடலூர்!

நான் வடலூருக்கு அருகில் பிறந்தவன். தைப்பூசந்தோறும் ஏழு திரைகள் நீங்கச் சோதி காணச் சென்றவன். அங்குள்ள தருமசாலையில் பலமுறை உண்டும் இருக்கிறேன். ஆனால், அங்கே எரியும் அடுப்பை ஒரு நாளேனும் நின்று பார்த்ததில்லை. அதன் பொருளை எனக்கு உணர்த்தியது தில்லியில் வாட்டிய பசிதான்.

அந்த அடுப்பை மூட்டிய இராமலிங்க அடிகள், 1823 அக்டோபர் 5ஆம் நாள் சிதம்பரத்தை அடுத்த மருதூரில், இராமையா பிள்ளைக்கும் சின்னம்மைக்கும் ஐந்தாம் மகவாகப் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். குடும்பம் சென்னை வந்து சேர்ந்தது. தமையனார் சபாபதி பிள்ளை தம்பியைப் படிக்கவைக்க முயன்றார். தம்பியின் உள்ளமோ ஏட்டில் இல்லை. கந்தகோட்டத்து முருகன் திருமுன் இருந்தது. பாடல்கள் ஊற்றெடுத்தன. பல ஆண்டுகள் திருவொற்றியூர் சென்று இறைவனை வழிபட்டார். அந்த அளவில் நின்றிருந்தால், பக்திக் கவிஞர் என்று மட்டுமே அவரைப் போற்றியிருப்போம்.

அவர் அங்கே நிற்கவில்லை. சென்னையை விட்டு நீங்கி, வடலூரை அடுத்த கருங்குழியில் தங்கினார். 1865ஆம் ஆண்டில் சாதி சமய வேறுபாடு கடந்த சன்மார்க்க சங்கத்தை நிறுவினார். ஊர் மக்கள் மனமுவந்து நிலம் அளித்தார்கள். 1867 மே 23ஆம் நாள் வடலூரில் சத்திய தருமசாலை தோன்றியது. பசி என்று வந்தவர் எவராயினும் சோறு உண்டு. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அவருடைய திருவருட்பா முதன்முதலில் அச்சேறியதும் அதே 1867இல்தான். பாட்டு நூலாயிற்று, பக்தி சோறாயிற்று!

சோதி வழிபாட்டிற்குரிய சத்திய ஞானசபை எழுந்தது எப்போது? 1872 சனவரி 25ஆம் நாள். முதலில் அடுப்பு, ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கழித்தே விளக்கு. இந்த வரிசையை நான் தற்செயல் என்று கருதவில்லை. பசி வந்தால் அறிவும் மங்கும், அன்பும் வாடும், கடவுள் நினைவும் கலையும் என்பதை அடிகள் அறிந்திருந்தார். உயிர்களிடம் காட்டும் இரக்கமே இறைவனை அடையும் வழி என்பது அவர் கொள்கை. வயிறு எரியும் ஒருவனிடம் விளக்கைக் காட்டி என்ன பயன்?

1874 சனவரி 30ஆம் நாள், மேட்டுக்குப்பத்தில் தாம் தங்கியிருந்த மனையின் அறைக்குள் அடிகள் புகுந்தார். அவர் சோதியில் கலந்தார் என்பது அன்பர்களின் நம்பிக்கை. அவர் மறைந்த பின்னும் அடுப்பு எரிந்தது, சோறு வெந்தது.

நண்பர்களே, நம் சங்கத்தின் பொங்கல் விழாவை எண்ணிப் பாருங்கள். மேடையில் இறைவணக்கம் பாடுகிறோம். பிறகு விருந்து. சமைத்தவர்களும் பாத்திரம் துலக்குபவர்களும் நாம் கைகழுவிய பின், ஆறிப்போன மிச்சத்தை ஒரு மூலையில் நின்று உண்கிறார்கள். மூன்று ஆண்டுகளாக நானும் கண்டும் காணாதவனாய் இருந்தேன். அதை எண்ணி இப்போது நாணுகிறேன்.

வரும் பொங்கலில் முதற்பந்தி அவர்களுக்கு. பரிமாறுவது நாம். நான் இலை போட முன்வருகிறேன். சோறு இட யார் வருகிறீர்கள்?