பாவா ஆதம் மலை ஏறிய இப்னு பதூதா

வரலாற்றுப் பாடத்தில் இப்னு பதூதாவை நாங்கள் ஒரே பந்தியில் கடந்துவிடுகிறோம். மொரோக்கோவில் பிறந்தார், உலகைச் சுற்றினார், நூல் எழுதினார், அவ்வளவுதான். அவருடைய பயண நூலான ரிஹ்லாவின் இலங்கைப் பகுதியை வாசித்தபோதுதான் அந்தப் பந்திக்குள் அடங்காத பலரை நான் சந்தித்தேன். நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், பதினைந்து சுமைகாரர்கள், கையும் காலும் இழந்த ஒரு ஷெய்கு. இவர்கள் இல்லாமல் அவர் நம் நாட்டு மலையின் உச்சியைக் கண்டிருக்க முடியாது.

இப்னு பதூதா 1304 ஆம் ஆண்டு தஞ்சியர் நகரில், காதிகள் பலரைத் தந்த குடும்பத்தில் பிறந்தார். 1325 இல் ஹஜ்ஜுக்காக வீட்டைவிட்டுப் புறப்பட்டபோது அவருக்கு வயது 21. என்னைவிட நான்கு வயதுதான் மூப்பு. துணைக்கு யாருமில்லை. உம்மாவையும் வாப்பாவையும் பிரிந்தது தாளாத துயரமாக இருந்தது என்று பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். மக்காவுக்குப் போனவர் திரும்பவில்லை. பாரசீகம், கிழக்காபிரிக்கா, துருக்கியர் நாடுகள் என்று கால் போன போக்கில் போய், டில்லியில் சுல்தான் முஹம்மத் பின் துக்ளக்கிடம் பல ஆண்டுகள் காதியாக இருந்தார். பிறகு மாலைதீவிலும் காதியானார். அங்கே மந்திரியோடு மனத்தாங்கல் ஏற்பட, 1344 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் தென்னிந்தியக் கரையிலுள்ள மஃபரை நோக்கிக் கப்பலேறினார்.

காற்று அவரை வேறு பக்கம் கொண்டுபோனது. ஒன்பது நாள் கடலில் கழித்தபின் அவர் கண்ட கரை இலங்கை. வானத்தில் புகைத்தூண் போல ஒரு மலை எழுந்து நின்றது. எங்கள் உம்மும்மா இன்றும் பாவாத மலை என்று சொல்லும் அதே மலை. பௌத்தர்களுக்கு அது ஸ்ரீபாத, இந்துக்களுக்குச் சிவனொளிபாதம், அறபுப் பயணிகளுக்கு நபி ஆதம் (அலை) அவர்களின் பாதம் பதிந்த இடம். 2243 மீற்றர் உயரம்.

மாலுமிகள் இறங்கப் பயந்தார்கள். அந்தக் கரையை ஆண்டவர் ஆரியச்சக்கரவர்த்தி. கப்பல்கள் பல வைத்திருந்த, கடலில் பலம் மிக்க தமிழ் அரசர். இப்னு பதூதா தாமே கரையிறங்கி, தான் மஃபர் சுல்தானின் உறவினர் என்று சொல்லி அரசரிடம் போனார். அந்த உறவு பொய்யல்ல, மனைவி வழியில் வந்தது. ஆனாலும் அதைச் சரியான நேரத்தில் எடுத்துச் சொல்லும் சாமர்த்தியம் அவருக்கு எங்கும் கைகொடுத்திருக்கிறது. புத்தளம் என்று கருதப்படும் அந்த ஊரின் கரையில் வெள்ளம் அடித்துக்கொண்டுவந்த கறுவாப்பட்டை மரங்கள் குவிந்து கிடந்தன. அரசருக்குப் பாரசீக மொழி விளங்கியது. முத்துக்களைக் காட்டினார், அவற்றில் சிலவற்றைப் பரிசாகவும் கொடுத்தார். வேண்டியதைக் கேட்கச் சொன்னபோது விருந்தாளி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஆதம் பாதத்தைத் தரிசிக்க வேண்டும்.

அரசர் பல்லக்கும் அதைச் சுமக்க ஆட்களும் கொடுத்தார். ஆண்டுதோறும் மலைக்குப் போய்ப் பழகிய நான்கு யோகிகளையும், மூன்று பிராமணர்களையும், தன் பரிவாரத்தில் பத்துப்பேரையும், உணவுப் பொருட்களைச் சுமக்கப் பதினைந்து பேரையும் உடன் அனுப்பினார். ஒரு முஸ்லிமின் ஸியாரத்துக்கு வழிகாட்டியவர்கள் யோகிகள்! இதை அவர் ஓர் அதிசயமாக எழுதவில்லை. வழியில் தண்ணீருக்குக் குறைவில்லை என்பதைச் சொல்லும் அதே சாதாரணக் குரலில்தான் சொல்லிப்போகிறார். எனக்கென்னவோ அந்தச் சாதாரணம்தான் பெரிதாகப் பட்டது.

சிலாபம் வழியாக யானைக் காடுகளைக் கடந்து, குணகார் என்று அவர் எழுதும் தலைநகரை அடைந்தார்கள். ஆய்வாளர் சிலர் அதைக் குருநாகல் என்பர், சிலர் கம்பளை என்பர். ஊருக்கு வெளியே ஷீராஸைச் சேர்ந்த ஷெய்கு உஸ்மானின் பள்ளிவாசல் இருந்தது. மலைக்கு வழிகாட்டியவர் இந்த ஷெய்குதான். நாட்டுச் சட்டத்துக்கு மாறாக ஒரு மாட்டை அறுத்தார். அதற்குரிய தண்டனை மரணம். மதிப்புக்குரியவர் என்பதால் உயிரை விட்டுவிட்டு, ஒரு கையையும் ஒரு காலையும் வெட்டினார்கள். பின்னர் அவருடைய வாழ்வுக்கென்று ஒரு சந்தையின் வருமானத்தையும் ஒதுக்கிக் கொடுத்தார்கள். மன்னரும் மக்களும் அவரைக் கண்ணியப்படுத்தினார்கள். வழிகாட்டும் வேலை பிள்ளைகளுக்கும் அடிமைகளுக்கும் போனது. வெட்டிய கதையையும் கொடுத்த கதையையும் இப்னு பதூதா ஒன்றையொன்று மறைக்காமல் அடுத்தடுத்து வைக்கிறார். இரண்டில் ஒன்றை மட்டும் சொல்பவர்களைத்தான் நாம் இன்று அதிகம் கேட்கிறோம்.

அங்கிருந்து நடை. குரங்குகளின் ஆறு, மூங்கில்களின் ஆறு, துறவிகளின் பெயர் தாங்கிய குகைகள். குரங்குகளுக்கு இலைத் தலைப்பாகை கட்டிய ஒரு தலைவன் உண்டு, அவன் கோலூன்றி நடப்பான் என்று யாரோ சொன்னதையும் விடாமல் குறித்து வைத்திருக்கிறார். அட்டையைப் பற்றி எழுதுவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. தண்ணீரோரப் புல்லிலிருந்தும் மரத்திலிருந்தும் அது மனிதன்மீது பாயும். ஆகவே போகிறவர்கள் தேசிக்காயைத் தயாராக வைத்திருந்து அதன் மேல் பிழிந்துவிடுவார்களாம். மலைநாட்டில் இருப்பவர்கள் இதை வாசித்தால் இவர் உண்மையிலேயே வந்திருக்கிறார் என்று சத்தியம் செய்வார்கள். உள்ளங்கை அளவு சிவப்புப் பூக்களையும் கண்டார்.

உச்சிக்கு இரண்டு வழிகள். ஒன்று பாபா வழி, மற்றது மாமா வழி. நபி ஆதமையும் அன்னை ஹவ்வாவையும் எண்ணி வைத்த பெயர்கள். மாமா வழி இலகுவானது. ஆனால் அதனால் ஏறியவரை ஸியாரத் செய்தவராகவே கணக்கில் எடுக்கமாட்டார்கள், இறங்கத்தான் அது. (கடினமான வழிக்கு வாப்பாவின் பெயரை வைத்தவர்கள் எந்த வீட்டில் வளர்ந்தவர்களோ!) இப்னு பதூதா பாபா வழியால் ஏறினார். பாறையில் படிகள் வெட்டி, இரும்பு முளைகளில் சங்கிலிகள் கோத்திருந்தார்கள். மொத்தம் பத்து. பத்தாவதற்குப் பெயர் ஷஹாதத்துச் சங்கிலி. அந்த இடத்தில் கீழே பார்ப்பவர் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் கலிமா சொல்லிவிடுவார். மேகங்கள் காலுக்குக் கீழே கிடந்து அடிவாரத்தை மறைத்திருந்தன.

ஹிழ்ர் (அலை) அவர்களின் பெயரால் அமைந்த குகையில் சாமான்களை இறக்கி வைத்துவிட்டு, அங்கே மூன்று நாட்கள் தங்கி, காலையும் மாலையும் பாதத்தடிக்கு ஏறிப் போவது வழக்கம். அவரும் அப்படியே செய்தார். கரும்பாறையில் பதிந்த பாதத்தின் நீளம் பதினொரு சாண் என்று எழுதுகிறார். பாறையில் குடைந்த ஒன்பது குழிகளில் யாத்திரிகர் பொன்னும் மாணிக்கமும் முத்தும் இடுவார்கள். அவற்றை எடுப்பதற்காகவே பக்கீர்கள் முந்தியடித்து ஓடுவார்களாம். இவர் போனபோது சில கற்களும் கொஞ்சம் பொன்னும்தான் இருந்தன. அதை எடுத்து வழிகாட்டியிடம் கொடுத்துவிட்டார். அரசர்களிடம் பரிசு வாங்கத் தயங்காத அந்த மனிதர் இங்கே கொடுத்தார்.

இதற்காக அவரை முழுவதும் நல்லவர் ஆக்கிவிட எனக்கு மனமில்லை. மாலைதீவில் அவர் விட்டுவந்த மனைவியருள் ஒருவர் அப்போது கர்ப்பிணி. பிறந்த மகனுக்கு இரண்டு வயதானபோது திரும்பிப் போய்ப் பார்த்து, தாயிடமே விட்டுவிட்டு, ஐந்து நாட்களில் மறுபடி கப்பலேறினார். 1349 இல் அவர் மொரோக்கோ திரும்பியபோது, பெற்ற தாய் சில மாதங்களுக்கு முன்னர் கொள்ளை நோயில் மரணித்திருந்தார். இந்தப் பக்கங்களை வாசித்துவிட்டு நூலை மூடிவைத்தேன். உம்மாவிடம் சொன்னபோது, அந்தப் பெண்களும் தங்கள் கதையை எழுதியிருந்தால் எந்தப் பக்கத்தில் தொடங்கியிருப்பார்கள் என்று கேட்டார். மறுநாள்தான் மீண்டும் திறந்தேன்.

மலையிலிருந்து மாமா வழியால் இறங்கி, தெவிநுவர, காலி, கொழும்பு என்று கரையோரமாகச் சுற்றிப் புத்தளம் வந்து கப்பலேறினார். அது மஃபர் கரையருகே உடைந்தது. அதில் உயிர் தப்பியவரைச் சில காலத்தின் பின் மலபார்க் கடலில் பன்னிரண்டு கப்பல்களில் வந்த கொள்ளையர் பிடித்தார்கள். இலங்கை அரசர் கொடுத்த மணிகள் உட்பட எல்லாம் போயின. உடுத்திருந்த காற்சட்டை மட்டும் மிஞ்சியது.

1355 அளவில் ஃபெஸ் நகரில், சுல்தான் அபூ இனானின் கட்டளைப்படி இப்னு ஜுஸை என்ற எழுத்தாளர் அவர் சொல்லச் சொல்ல எழுதி முடித்தார். இலங்கைக் கல் ஒன்றுகூட அப்போது அவர் கையில் இருக்கவில்லை. பதினொரு ஆண்டுகள் கடந்திருந்தன. சுமைகாரர் பதினைந்து, யோகிகள் நான்கு, சங்கிலிகள் பத்து என்று எண்ணிச் சொன்னார்.