சகோதரியின் மூளையைத் திறந்த வைத்தியர்

சில வருடங்களுக்கு முன் எனது வகுப்பில் எட்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே வலிப்பு வந்து விழுந்தாள். யாரோ ஓடிவந்து அவளது கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். அடுத்த வாரம் அவள் பாடசாலைக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன். கையில் நூல் கட்டியிருந்தது, மேசையில் ஓதிய தண்ணீர் இருந்தது. வைத்தியரிடம் காட்டவில்லை. ஊருக்குத் தெரிந்தால் நாளை கலியாணம் பேச முடியாது என்று அவளது உம்மா அழுதார்.

அன்றிலிருந்துதான் வலிப்பு நோயைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். அப்படி அறிமுகமானவர்தான் வைத்தியர் வைல்டர் பென்பீல்ட்.

1891இல் அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் பிறந்தவர். பிரின்ஸ்டனில் படித்துவிட்டு, புலமைப்பரிசில் பெற்று ஒக்ஸ்போர்ட் சென்றார். நரம்பியல் அறிஞர் சார்ள்ஸ் ஷெரிங்டன் அங்கே அவருக்கு ஆசானாக வாய்த்தார். 1916இல் ஆங்கிலக் கால்வாயில் அவர் பயணித்த கப்பலை ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல் தாக்கியது. படுகாயமடைந்தும் உயிர் தப்பினார். ஏதோ ஒரு பணிக்காகவே தான் காப்பாற்றப்பட்டதாக அவர் நம்பினார்.

ஸ்கேன் எதுவும் இல்லாத காலம் அது. கண்ணின் உட்புறத்தைப் பார்த்தும், எக்ஸ்ரே எடுத்தும், மூளையின் உட்குழிகளுக்குள் காற்றைச் செலுத்திப் படம் பிடித்தும்தான் கட்டி இருக்கும் இடத்தை ஊகித்தார்கள். தனக்குத் தெரிந்தது போதாது என்று உணர்ந்த பென்பீல்ட், 1924இல் ஸ்பெயினின் மட்ரிட் நகருக்குச் சென்று மூளைக் கலங்களுக்குச் சாயமேற்றிப் பார்க்கும் முறையைக் கற்றார். 1928இல் ஜேர்மனியின் பிரெஸ்லாவ் நகருக்குச் சென்றார். அங்கே ஓட்பிரிட் பொர்ஸ்டர் என்ற வைத்தியர், யுத்தத்தில் தலையில் காயம்பட்டு வலிப்புக்கு ஆளானவர்களின் மூளைத் தழும்புகளை, நோயாளி விழித்திருக்கும்போதே அகற்றி வந்தார்.

அதே வருடம் கனடாவின் மொன்ட்றியல் நகரில் பென்பீல்ட் பணியைத் தொடங்கினார். சில மாதங்களிலேயே அவரது வாழ்க்கையின் கடினமான நோயாளி வந்து சேர்ந்தார். அது அவரது சொந்தச் சகோதரி ரூத். ஆறு பிள்ளைகளின் தாய். நீண்ட காலமாக வலிப்பால் அவதிப்பட்டவர். மூளையின் வலது முன்பகுதியில் கட்டி இருந்தது. ஒலிகோடென்ட்ரோகிளியோமா என்ற அரிதான வகை. அது எந்தக் கலத்தின் பெயரால் அழைக்கப்படுகிறதோ, அந்தக் கலத்தைத்தான் மட்ரிட்டில் அவர் ஆராய்ந்திருந்தார்.

1928 டிசம்பரில் தானே சத்திரசிகிச்சை செய்தார். வலது முன்மூளையின் பெரும் பகுதியை அகற்றியும் கட்டி முழுவதையும் எடுக்க முடியவில்லை. ரூத் தேறி வீடு திரும்பினார். பேச்சும் அன்பும் நினைவும் அப்படியே இருந்தன. ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் கழித்து, ஒரு விருந்தாளிக்கும் வீட்டார் நால்வருக்கும் இராச்சாப்பாடு சமைக்க முயன்றபோது அவரால் முடியவில்லை. சாமான்கள் எல்லாம் இருந்தன, சில அடுப்பிலும் ஏறியிருந்தன. எதை முதலில், எதை அடுத்து என்று ஒழுங்குபடுத்தத்தான் அவருக்கு முடியாமல் போயிருந்தது. வாழ்நாளெல்லாம் சமைத்த ஒரு தாய்க்கு இது சிறிய இழப்பல்ல. சில வருடங்களில் கட்டி மீண்டும் வளர்ந்து அவர் இறந்தார்.

பென்பீல்ட் இதை மறைக்கவில்லை. முன்மூளையை இழந்தால் மனிதன் எதை இழக்கிறான் என்பதை, சகோதரியின் நிலையையும் சேர்த்து 1935இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். இதற்கிடையில் ரொக்பெல்லர் மன்றம் 12 இலட்சத்துக்கும் அதிகமான டொலர்களை வழங்க, 1934இல் மொன்ட்றியல் நரம்பியல் நிறுவகம் திறக்கப்பட்டது.

அங்கே அவர் வளர்த்தெடுத்த முறை எளிமையானது, ஆனால் துணிச்சலானது. மூளைக்கு வலி தெரியாது. தலைத்தோலை மட்டும் மரத்துப்போகச் செய்து, நோயாளியுடன் பேசிக்கொண்டே மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தொடுவார். ஓரிடத்தில் விரல் அசையும், ஓரிடத்தில் பேச்சு நின்றுவிடும். ஒவ்வோர் இடத்திலும் இலக்கமிட்ட சிறு துண்டை வைப்பார். வலிப்பு புறப்படும் இடத்தைக் கண்டுபிடித்து, பேச்சையும் அசைவையும் ஆளும் இடங்களைத் தவிர்த்து, கெட்ட பகுதியை மட்டும் அகற்றுவார். இன்றும் உலகெங்கும் விழித்த நிலை மூளைச் சத்திரசிகிச்சைகளில் இந்த அடிப்படையே பின்பற்றப்படுகிறது.

எல்லாம் வெற்றியல்ல. 1950களில் அவரது நோயாளிகள் இருவர் சத்திரசிகிச்சையின் பின் புதியவற்றை நினைவில் வைக்கும் ஆற்றலை இழந்தனர். பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளருடன் சேர்ந்து அதையும் வெளிப்படையாக அறிவித்தார்.

வாழ்க்கையின் இறுதியில் அவரை ஒரு கேள்வி விடவில்லை. மின்சாரத்தால் நோயாளியின் கையை உயர்த்த முடிந்தது. ஆனால் அதைத் தான் உயர்த்தவில்லை, வைத்தியர்தான் உயர்த்தினார் என்று நோயாளிக்குத் தெரிந்தது. முடிவெடுப்பவனும் நம்புபவனும் எங்கே இருக்கிறான்? மூளையை மட்டும் வைத்து மனதை விளக்கிவிட முடியாது என்று 1975இல் ஒரு நூலில் எழுதினார். விஞ்ஞானிகள் பலர் அதை ஏற்கவில்லை. அடுத்த வருடம் ஏப்ரலில் காலமானார். ரூஹைப் பற்றி மனிதனுக்குச் சொற்ப அறிவே தரப்பட்டுள்ளது என்று நம்பும் நமக்கு, அந்த முதியவரின் பணிவு அந்நியமானதல்ல.

வலிப்பு நோயுள்ள ஒரு பெண் நபிகளாரிடம் (ஸல்) வந்து துஆக் கேட்ட ஹதீஸை நாம் அறிவோம். பொறுமைக்குச் சுவர்க்கமா, குணமடைய துஆவா என்று கேட்கப்பட்டபோது அவர் பொறுமையைத் தெரிவு செய்தார். வலிப்பின்போது தன் உடை விலகாதிருக்க மட்டும் துஆச் செய்யக் கேட்டார். அவர் நோயை மறைக்கவில்லை, மானத்தைத்தான் காக்கக் கேட்டார். இன்னொரு ஹதீஸ் நோய்க்கு மருந்து தேடச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்தே நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

வலிப்புள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இன்று மாத்திரையே போதும். வலிப்பு வந்தால் இரும்பு கொடுக்க வேண்டியதில்லை, வாயில் எதையும் திணிக்கவும் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே மென்மையாக ஏதாவது வைத்து, நேரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

அந்த மாணவி ஒரு தவணை கழித்துத் திரும்பி வந்தாள். கிளினிக் சென்று மாத்திரை எடுக்கிறாள். வகுப்பில் மயக்கம் என்று மட்டும் சொல்லுங்கள் டீச்சர் என்று அவளது உம்மா கேட்டுக்கொண்டார். அப்படியே சொன்னேன். அவளது மானத்தை மறைக்கலாம், அதில் தவறில்லை. வைத்தியரிடமிருந்து அவளது நோயை மறைத்ததுதான் நாம் அவளுக்குச் செய்த அநீதி.