தனிமாலுமி யோசுவா சுலோக்கம்

ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் தனித்து நெடுங்கடலோடக் கருதின், எத்தகைய கலத்தைத் தெரிதல் வேண்டும்? இவ்வினாவிற்குச் சுலோக்கம் என்பாரது வாழ்க்கையே தக்க விடையென்பது நமது துணிபு.

1844 ஆம் ஆண்டிலே கனடாவின் நோவாஸ்கோசியாவிற் பிறந்த இவர், பெரும் பாய்க்கப்பல்களின் தலைவராய் விளங்கியவர். 1887 இற் சொந்தக் கப்பல் பிறேசிற் கரையிலே தகர்ந்தது. நீராவிக் கப்பல்கள் பெருகவே தொழிலும் அருகிற்று. அந்நாளில் நண்பரொருவர் அவருக்கு ஒரு கலத்தை ஈந்தார். முன்பு சிப்பி வாரப் பயன்பட்டுப் பின் வயலிலே கிடந்து சிதைந்த ஸ்ப்றே என்னும் பழங்கலமே அது. அவர் அதனை இகழ்ந்திலர். தாமே மரந்தறித்து, 13 மாதம் உழைத்து, ஏறக்குறைய 553 டொலர் செலவிற் புதுக்கினார்.

கலத்தின் நீளம் 37 அடிக்குச் சற்றுக் குறைவு. அகலமோ 14 அடிக்கு மேல். சுக்கானைக் கட்டிவிடின் அது நெறிபிறழாது தானே செல்லும். தனித்துச் செல்பவர் உறங்குதற்கு அதுவே துணை. காற்று மிக்க தென்கடலுக்குப் பாய் மிகையெனக் கண்டு, புவெனசயர்சிலே பாய்மரத்தை 7 அடி குறைத்தார்.

1895 ஏப்பிரில் 24 இற் பொஸ்ரனை நீங்கியவர், 46,000 மைல் கடந்து, 1898 யூன் 27 இல் நியூப்போட்டை அடைந்தார். தனியே கடல்வழி உலகை வலம்வந்தோருள் முதல்வர் இவரே.

1909 இல் அதே கலத்திற் சென்றவர் மீண்டிலர். கடல் எவருக்கும் பிணைநிற்பதில்லை. எனினும், தம் வலியறிந்து, தம் கைக்கு அடங்குங் கலத்தைத் தெரிந்தமையே அவர் வெற்றிக்கு வித்தாயிற்று. ஓய்வுபெற்றபின் புதுமுயற்சி நாடும் நம் பழைய மாணவர் இதனை உளங்கொள்வாராக.