சட்டத்தைத் தொழிலாளியின் கையில் கொடுத்தவர்: கோ. நடேசய்யர்

கண்டியிலிருந்து கலஹா வழியாக மலையேறினால் லூல்கந்துர தோட்டம் வரும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட இடம் அது. இலங்கைத் தேயிலையின் வரலாற்றைச் சொல்பவர்கள் அந்த ஆண்டிலிருந்துதான் தொடங்குவார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், 1865இல், இன்னொன்றும் நடந்தது. வேலையாட்களின் ஒப்பந்தம் தொடர்பான 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அறிவித்தல் இல்லாமல் வேலையை விட்டுப் போகும் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப அது இடம் கொடுத்தது. தேயிலைச் செடி வேர்விடும் முன்பே, அதைப் பறிக்கப்போகிறவர்களுக்கான தண்டனை எழுதப்பட்டுவிட்டது.

அந்தச் சட்டத்தோடு கங்காணியின் கடனும் சேர்ந்துகொண்டது. தொழிலாளியின் கடன் 'துண்டு' என்ற சீட்டில் குறிக்கப்படும். அந்தத் தொகையைப் புதிய தோட்டம் கட்டினால்தான் அவர் இடம் மாறலாம். வேலை போனால் லயத்து அறையும் போய்விடும். வெளியார் தோட்டத்துக்குள் வந்தால் அத்துமீறிய குற்றம். உள்ளே நடப்பது வெளியே தெரியாது. வெளியே உள்ள சட்டம் உள்ளே தெரியாது.

இந்த வேலிக்குள் நுழைந்தவர்தான் கோதண்டராம நடேசய்யர். 1887இல் தஞ்சாவூர்ப் பகுதியில் பிறந்தார். 'வர்த்தகமித்திரன்' என்ற பத்திரிகையை நடத்தினார். கொழும்பில் இந்திய வணிகர் சங்கம் ஒன்றின் நிகழ்வுக்காக 1915இல் இலங்கை வந்தார். தோட்டங்களைப் பற்றிக் கேள்விப்பட்டதும் நேரில் பார்க்க விரும்பினார். புடவை வியாபாரிகள் மட்டும் லயங்களுக்குப் போய்வர முடிந்தது. அவரும் புடவை வியாபாரியாக உள்ளே போனார். பார்த்ததை எழுதினார். சில ஆண்டுகளில் இலங்கையிலேயே தங்கிவிட்டார்.

1921இல் 'தேசநேசன்', பின்னர் 'தேசபக்தன்' என அவரது பத்திரிகைகள் வெளிவந்தன. துண்டு முறை 1921இல் தடைசெய்யப்பட்டது. வேலையை விட்டதற்காகச் சிறைக்கு அனுப்பும் விதிகளும் அதையொட்டி நீக்கப்பட்டன. ஆனால் சட்டம் மாறியது லயத்துக்குத் தெரியவேண்டுமே. தெரியாத உரிமையைக் கங்காணியும் துரையும் இல்லாத உரிமையாகவே நடத்தினார்கள். நடேசய்யர் வாழ்நாளெல்லாம் செய்த வேலை இந்த இடைவெளியை நிரப்புவதுதான். தொழிலாளர் சட்டத்தை எளிய தமிழில் தனி நூலாக எழுதினார். தோட்ட வாழ்க்கையை நாடகமாக எழுதினார். அவரது மனைவி மீனாட்சி அம்மையார் கூட்டங்களில் பாட்டுப் பாடினார், பாடல்களை அச்சிட்டுப் பரப்பினார். படிக்கத் தெரியாதவரிடமும் உரிமை காதுவழியாகப் போய்ச் சேர்ந்தது.

கொழும்பில் ஏ. ஈ. குணசிங்கவின் இலங்கைத் தொழிலாளர் சங்கத்தில் அவர் பணியாற்றினார். வேலையில்லாத் திண்டாட்டம் கூடியபோது குணசிங்கவின் பேச்சு இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பியது. சம்பளத்தைக் குறைப்பவர் முதலாளியாக இருக்க, பக்கத்தில் நிற்கும் தொழிலாளியின் இனத்தைக் குற்றம் சொல்லும் அரசியல் அது. 1928இல் நடேசய்யர் பிரிந்துவந்தார். 1931 ஜனவரியில் ஹட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளருக்கென எழுந்த முதல் தொழிற்சங்கம் அதுவே.

1925 முதல் 1931 வரை அவர் சட்டவாக்க சபையில் இருந்தார். அந்தக் காலத்தில்தான் 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1929 முதல் மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். துரை நினைத்ததே கூலி என்ற நிலைக்கு அது ஒரு தடை. அதேவேளை பெண்ணின் உழைப்பு மலிவானது என்பதையும் அதே சட்டம் எழுதிவைத்தது. கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். அவர்களுக்குச் சம கூலி கிடைக்க 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். தோட்டத்துக்குள் நிலைமை உடனே மாறிவிடவில்லை. 1940 ஜனவரி 10ஆம் திகதி, கலஹாவுக்கு அயலில் ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயா தோட்டத்தில், வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரால் சுடப்பட்டு இறந்தார். அந்தப் போராட்டத்தை நடத்தியது சமசமாஜிகளின் சங்கம். நடேசய்யர் தனியாகத் தொடங்கிய பயணத்தில் அப்போது வேறு பல சங்கங்களும் சேர்ந்திருந்தன. தொழிற்சங்கங்களுடன் தோட்ட உரிமையாளர்கள் பேசி உடன்படிக்கை செய்யும் நிலையும் அதே ஆண்டில் உருவானது.

1947 நவம்பர் 7ஆம் திகதி நடேசய்யர் காலமானார். அடுத்த ஆண்டு நாடு சுதந்திரம் பெற்றது. அதே 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. குடியுரிமையோடு வாக்கும் போனது. வேலைத்தளத்தில் வென்றதைக் காக்கும் அரசியல் பலம் அந்த மக்களிடம் இல்லாமற்போனது. 1977, 1983 வன்செயல்களில் விரட்டப்பட்டு வன்னிக்கு வந்த மலையகக் குடும்பங்கள் போரில் மறுபடியும் இடம்பெயர்ந்தன. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இதை வாசிப்பவர்கள் சிலருக்கு இது தாத்தா பாட்டியின் கதை.

இன்று ஆடைத் தொழிற்சாலையிலோ கடையிலோ தோட்டத்திலோ வேலை செய்பவருக்குச் சட்டம் சில பிடிமானங்களைத் தருகிறது. நியாயமின்றி வேலைநீக்கம் செய்யப்பட்டால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கலாம். தொழிற்சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை நீக்குவது 1999ஆம் ஆண்டின் திருத்தப்படி குற்றம். ஆனால் தனியார் துறையில் இனம், மொழி காரணமாக வேலை மறுப்பதை நேரடியாகத் தடைசெய்யும் பொதுவான சட்டம் இன்னும் இல்லை. அரசியலமைப்பின் சமத்துவ உரிமை அரசின் செயல்களுக்கு எதிராகத்தான் நீதிமன்றத்தில் பயன்படுகிறது.

அந்தச் சட்டத்தை இனித்தான் கேட்டுப் பெறவேண்டும். இருக்கும் உரிமைகளோ ஆறு மாதக் கெடு முடிந்த பிறகு தெரியவந்தால் பயனில்லை. நடேசய்யர் சபையில் பேசியதோடு நிற்காமல் சட்டப் புத்தகமும் எழுதியது இதனால்தான்.